ஒரே அடுப்பு

செங்குளவயல். பரப்பு ஒன்பது சதுர கிலோமீட்டர் என்று
தாலுகா ஆபீசில் கொடுத்த தாள் சொன்னது.
வடக்கே கண்மாய், முக்கால்வாசி கருவேலம்.
தெற்கே தண்டவாளம், நிற்காத ரயில்கள்.
கிழக்கே செம்பூரான் பாறை;
கிணறு வெட்டப் போனவர்கள்
கடப்பாரையை வளைத்துக்கொண்டு திரும்பிய இடம்.
மேற்கே வரைபடம் ஒரு நீலக்கோடு போட்டு
ஆறு என்கிறது.
செருப்பைக் கழற்றாமல் தாண்டினேன்.

போன கணக்கில் ஆட்கள் ஆயிரத்து நூற்று நாலு.
வீடுகள் எண்ணூற்றுப் பதினொன்று.
அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.
எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் நான்,
வகுத்துப் பார்த்தேன்:
வீட்டுக்கு ஒன்றரை ஆள்கூட இல்லை.

பிளாக் ஏழு எனக்கு.
பிளாக் எட்டு ஜெயராக்கினி டீச்சருக்கு.
இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்று
யாரும் தரையில் காட்டவில்லை.
தெருக்கள் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக,
வீடுகள் தெருவுக்குத் தெரு நீளமாக.
முன்வாசல் அவள் தெருவில்,
பின்வாசல் என் தெருவில்.
அவள் சுவரில் 112 என்று எழுதினாள்,
அதே வீட்டுக்கு நான் 41.

பூட்டிய வீடு. பூட்டிய வீடு. பூட்டிய வீடு.
பேனா தானாகவே எழுதப் பழகிவிட்டது.

கோயில் கணக்கு பார்க்கும் வயிரவன் அண்ணன்
நிழலுக்கு உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.
"எங்க ஏட்டுல இந்த ஊருக்கு
முந்நூத்திப் பதினாறு புள்ளி" என்றார்.
கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி.
துணை போய்விட்டால் அரைப்புள்ளி.
ஈப்போவில் இருந்தாலும் இங்கேதான் புள்ளி,
டெக்சாசில் இருந்தாலும்.
"ராத்திரி இங்கே படுக்கிறவங்க எத்தனை?"
"அது உங்க கணக்கு" என்றார்.

நாற்பத்தொன்றில் தட்டியதும் கதவு திறந்தது.
பூமயில், முப்பத்தாறு வயது.
வீடு பார்த்துக்கொள்கிறவள்.
அவள் எந்த ஏட்டிலும் புள்ளி இல்லை,
ரேஷன் அட்டை கல்லலில் யார் வீட்டு முகவரியிலோ.
"போன தடவை இந்தப் பக்கம் வந்தவரு
முன்வாசல்ல சொல்லுங்கன்னாரு.
முன்வாசலை நாங்க தொறக்கிறதில்லையே,
பெரியவுக வந்தாத்தான்."

ஜெயராக்கினிக்குப் போன் போட்டேன்.
"112 பூட்டிய வீடு, எழுதிட்டேன்" என்றாள்.
"உள்ளே ஆள் இருக்கு. அங்கேயே நில்லு."

அடுப்படி தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி,
புறாக்கள் மட்டும் குடியிருக்கும் வளவு தாண்டி,
பதினொரு கதவுகள்.
பன்னிரண்டாவதைத் திறக்க முடியவில்லை.
தேக்கில் செதுக்கிய யானைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் என் சக ஊழியை.
சாவித்துளை வழியாகப் பேசிக்கொண்டோம்,
இந்திய அரசின் பணியில்.

"உன் வீட்டுக்காரர்?"
"சந்தனம். ரைஸ் மில்லுல. ராத்திரி வருவாரு."
"எங்கே படுப்பார்?"
"முன்கட்டுல. காவலுக்கு."
"நீ?"
"பின்கட்டுல. அதுவும் காவலுக்குத்தான்."

அவன் பிளாக் எட்டு.
அவள் பிளாக் ஏழு.
சாவித்துளையில் ஜெயராக்கினி சிரிப்பது கேட்டது.

விதிப்புத்தகம் பக்கம் பதினேழு:
ஒரே அடுப்பில் உண்பவர் ஒரே குடும்பம்.
"அடுப்பு எங்கேம்மா இருக்கு?"
"எங்க ஒழுகலையோ அங்க டீச்சர்.
ஐப்பசி கார்த்திகைக்கு முன்கட்டு.
மத்த நாளு இங்க."

முற்றத்துச் சதுரத்தில் வானம் பார்த்தேன்.
மேகம் ஒரு துண்டு இல்லை.
ஏழு என்று எழுதினேன்.
கதவுக்கு அப்பால் அவள் 112-ஐ அழித்தாளா,
கேட்க மறந்துவிட்டேன்.

"எங்களையும் சேர்த்து ஊர்ல எத்தனை பேரு வரும்?"
இன்னும் கூட்டவில்லை என்றேன்.
"குத்துமதிப்பா?"
தெரியவில்லை பூமயில்.
"இந்த வீட்டுக்கு அறுபத்தேழு கதவு" என்றாள் அவள்,
யோசிக்காமல், பெயர் சொல்வது போல.
"சாயங்காலம் எல்லாத்தையும் சாத்திட்டு வர
முக்கால் மணி நேரம் ஆகும்.
அதையும் எங்கயாவது எழுதிக்கிருவீங்களா?"

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.